கணக்கு யார் காட்டுவது?

போன சித்திரையில் என் பழைய மாணவி ஒருத்தி மதிப்பெண் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வந்திருந்தாள். பி.ஏ. தமிழ் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. துறை அறையில் என் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து நின்றாள்.

"அம்மா, பாத்ரூம் போய்ட்டு வரட்டுமாம்மா?"

கேட்டுவிட்டு அங்கேயே நின்றாள். நான் தலையாட்டும் வரை நகரவில்லை. படிக்கிற காலத்தில் கடைசி பெஞ்சிலிருந்து யாரையும் கேட்காமல் எழுந்து போகிற பெண் அவள். அதற்காக நானே அவளை இரண்டு முறை திட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்ததும், "என்னடி இது புதுப் பழக்கம்?" என்று கேட்டேன்.

"லைன்ல அப்படித்தாம்மா. ரிலீவர் வந்து நம்ம இடத்துல நின்னாத்தான் நாம நகர முடியும். லைன் லீடர்கிட்ட சொல்லணும். எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதிக்குவாங்க. அதான் நான் வேலை நேரத்துல தண்ணியே குடிக்கிறதில்ல."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் வேலை செய்யும் கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது, அவளுக்குத்தான் ஆகும்.

எங்கள் பெருநகரில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்துவிடுகின்றன. டீக்கடை வெளிச்சத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். ஒரு பஸ் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், ஒன்று ஒரகடம், இன்னொன்று செய்யாறு சிப்காட். இவர்களின் அம்மாக்கள் இதே இருட்டில் நடவுக்கும் களை எடுக்கவும் போனவர்கள். அவர்களுக்கும் ஒரு மேஸ்திரி இருந்தான். அவனுக்கு வரப்பில் நின்று கத்தத் தெரியும். எத்தனை நிமிடம் புதர்ப் பக்கம் போய் வந்தாய் என்று நோட்டில் எழுதத் தெரியாது. மகள்களுக்கு வாய்த்திருக்கிற மேஸ்திரி நோட்டாகவும் கேமராவாகவும் திரையாகவும் இருக்கிறான்.

இந்த மேஸ்திரியை யார் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள வணிகவியல் துறைத் தோழியிடம் மேலாண்மைப் பாடநூல் ஒன்றைக் கடன் வாங்கிப் படித்தேன். நிர்வாகக் கட்டுப்பாட்டு முறைகளுக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் சைமன்ஸ் 1995இல் வெளியிட்ட நூலில், மேலாளர் கையில் நான்கு நெம்புகோல்கள் இருப்பதாகச் சொல்கிறார். முதலாவது நம்பிக்கை: இந்த நிறுவனம் எதற்காக இருக்கிறது என்று பணியாளர் மனத்தில் பதிய வைப்பது. இரண்டாவது எல்லை: எதைச் செய்யக்கூடாது என்று கோடு போடுவது. மூன்றாவது அளவீடு: இலக்கு வைத்து, எட்டியதா என்று அளப்பது. நான்காவது உரையாடல்: மேலாளரே இறங்கி வந்து தொடர்ந்து பேசி, தனக்குத் தெரியாததைக் கீழிருப்பவர்களிடமிருந்து தெரிந்துகொள்வது. நான்கும் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு என் மாணவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நம்பிக்கை இருக்கிறது, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள். எல்லை இருக்கிறது, செல்போன் வாசலில், தலைமுடி வலைக்குள், ஹாஸ்டல் கதவு இத்தனை மணிக்கு. அளவீடு இருக்கிறது, மணிக்கு இத்தனை பீஸ் என்று தலைக்கு மேல் பலகையே ஓடுகிறது. உரையாடல்?

"ஆலோசனைப் பெட்டி ஒண்ணு வெச்சிருக்காங்கம்மா. அதுக்கு நேர் மேல ஒரு கேமரா இருக்குது."

ஆக, நான்கில் மூன்றுதான் எங்கள் பெண்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. மேலிருந்து கீழே அழுத்துகிற மூன்றும் வந்துவிட்டன. கீழிருந்து மேலே ஒரு சொல் போக வேண்டிய நான்காவது வழியிலேயே நின்றுவிட்டது. இது கவனக்குறைவு என்று நான் நம்பவில்லை. பெண்களை வேலைக்கு எடுக்கும் போதே, இவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்தது யார்?

நாம்தான். நம் வீடுகள்தான்.

நான் சங்க இலக்கியம் நடத்துகிறவள். குறிஞ்சித் திணையில் 'இற்செறிப்பு' என்று ஒரு துறை இருக்கிறது. தலைவி தினைப்புனத்தில் கிளி விரட்டுகிறாள். கதிர் கொய்து முடிந்ததும் அவளை வீட்டுக்குள் அடைத்துக் காவல் வைக்கிறார்கள். செவிலி காவல், தாய் காவல், ஊரார் வாயிலிருந்து எழும் அலர் ஒரு காவல். இருபது வருடமாக இதை அழகு, அழகு என்றுதான் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அந்தத் தலைவி ஒரு தொழிலாளி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பயிர் முற்றும் வரை அவள் உழைப்பு வேண்டும். முற்றியதும் அவள் உடலைப் பூட்ட வேண்டும். வெளியே அனுப்புகிறவர்களும் உள்ளே அடைக்கிறவர்களும் ஒரே வீட்டார்.

கம்பெனி இந்தக் காவலைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டிலிருந்து ஆயத்தமாக வாங்கிக்கொண்டது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பதின்ம வயதுப் பெண்ணை மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் வைத்துக்கொள்வார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவார்கள். நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பினால் அந்தத் தொகை இல்லை. அது அவளுடைய கூலியிலிருந்து பிடித்துவைத்த பணம்தான். அதற்குச் 'சுமங்கலி' என்று பெயர் வைத்த மேலாளருக்குத் தமிழ்க் குடும்பத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. வரதட்சணை பயத்தையே அவர் கட்டுப்பாட்டுக் கருவியாக்கிவிட்டார்.

விடுதியும் அப்படித்தான். பெண்ணைப் பெற்றவர்களிடம் கம்பெனி தருகிற முதல் வாக்கு சம்பளம் அல்ல, "பத்திரமா பாத்துக்குறோம்" என்பதுதான். அந்தப் பத்திரம் என்னவானது என்று 2021 டிசம்பரில் எங்கள் மாவட்டமே பார்த்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 250க்கும் மேற்பட்டோருக்கு வயிற்றுப்போக்கு. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தங்களோடு படுத்திருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றப் பெண்கள் கேட்டார்கள். நம்பத்தக்க பதில் வரவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடிந்த பிறகும் எழவில்லை.

இறந்ததாகச் சொன்னது பொய் என்று அதிகாரிகள் பிறகு விளக்கினார்கள். சரி. ஆனால் வதந்திக்கு இடம் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டாமா? ஒரு பெண் இருக்கையை விட்டு எத்தனை நிமிடம் எழுந்தாள் என்று தெரிகிற ஒரு தொழிலில், அவள் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டிலில் இருக்கிறாள் என்று அவள் தோழிக்குச் சொல்ல ஒரு வழி இல்லை. அளவீடு இருந்தது, உரையாடல் இல்லை. அந்த இடத்தைத்தான் வதந்தி நிரப்பியது.

ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே டிசம்பர் கடைசியில் ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மறுபடி திறந்தது. மேலாளர்களுக்கெல்லாம் மேலாளரான நிறுவனம் தன் கட்டுப்பாட்டை இயக்குவதற்கு ஆயிரக்கணக்கான பெண்கள் மார்கழிக் குளிரில் தார்ச்சாலையில் உட்கார வேண்டியிருந்தது. அதுவரை அந்தக் கட்டுப்பாடு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? போனில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த கதை வாசலில் நடந்தது. அதே ஆலையில் கல்யாணமான பெண்களைப் பொருத்தும் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. 2022இல் ஆள் எடுத்ததில் குறைகள் இருந்ததை ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் ஒப்புக்கொண்டன, திருத்திவிட்டதாகச் சொன்னன. திருமணத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதில்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. ஒன்றிய அரசு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாட்டரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப் பேர் மணமானவர்கள் என்றும், உலோகம் அணியக்கூடாது என்ற பாதுகாப்பு விதி எல்லாருக்கும் பொது என்றும் நிறுவனம் அரசுக்குத் தெரிவித்ததாகப் பத்திரிகைகளில் வந்தது.

உலோகம் என்றதும் எனக்குத் தாலியும் மெட்டியும்தான் கண்ணில் பட்டன. வீடு அதைக் கழற்றாதே என்கிறது. வாசல் அதோடு வராதே என்கிறது. ஒரு பெண்ணின் கழுத்தை வைத்து இரண்டு நிர்வாகங்கள் பேரம் பேசுகின்றன. அவளை யாரும் கேட்கவில்லை.

இதைத் தனியார் முதலாளியின் குற்றம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. வெளியுறவுப் பணியில் இருந்த பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று இந்த நாட்டில் விதி இருந்தது. சி.பி. முத்தம்மா நீதிமன்றம் போனதால் 1979இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் முதல் கர்ப்பத்திலேயே வேலையிழப்பார்கள் என்ற விதியை 1981இல் அதே நீதிமன்றம் நீக்கியது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதி நியாயமானதே என்று அப்படியே விட்டுவைத்தது. மணமாகாத பெண்தான் நிர்வாகத்துக்கு வசதி. ஏற்கெனவே ஒரு கட்டுப்பாட்டில் இருப்பவளை எடுத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். கல்யாணமானால் அவள் வேறொருவர் கட்டுப்பாட்டுக்குப் போய்விடுவாள் என்பதுதான் கணக்கு.

இவ்வளவு எழுதிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவள் இல்லை.

நானும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறேன். முதலில் வேலை பார்த்த தனியார் கல்லூரியில் பெண் ஆசிரியர்கள் மட்டும் புடவைக்கு மேல் ஓவர்கோட் போட வேண்டும். ஆண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த மதிப்பெண் முறையில் வருடா வருடம் படிவம் நிரப்பினேன். கருத்தரங்கு இத்தனை, கட்டுரை இத்தனை. என் கவிதைத் தொகுப்புக்கு எந்தக் கட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை. இதெல்லாம் பெரிய துயரம் இல்லை.

பெரியது வேறு. அதே கல்லூரியில் இரண்டு வருடம் நான் விடுதித் துணைக் காப்பாளராக இருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு செல்போன்களைக் கூடையில் வாங்கிப் பூட்டுவது, தாமதமாக வருகிறவர்கள் பெயரை எழுதுவது, மூன்று முறையானால் வீட்டுக்குப் போன் செய்வது, எல்லாம் என் வேலை. ஒரு பெண்ணின் அப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். "உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேங்க" என்ற என் குரல் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் அவர் வந்து பெட்டியோடு அவளை அழைத்துப் போனார். இரண்டாம் ஆண்டோடு அவள் படிப்பு முடிந்தது. அவள் ஏன் தாமதமாக வந்தாள் என்று நான் கேட்கவே இல்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. பேருந்து நிலையத்தில் தங்கைக்குப் பணம் கொடுக்கக் காத்திருந்தாள் என்று அறைத் தோழி பிறகு சொன்னாள். அவள் வாழ்க்கைக்கு நான் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. நிர்வாகம் என்னைப் பாராட்டியது.

பெண் மேலாளர் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்கிற தோழிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செவிலியும் பெண்தான்.

ஒரு எதிர்க்கேள்வி உண்டு, அதை மறைக்க மாட்டேன். கம்பெனி வந்திருக்காவிட்டால் இந்தப் பெண்கள் எங்கே போயிருப்பார்கள்? இதை என் மாணவியிடமே கேட்டேன். "வீட்டுக்கு இது எவ்வளவோ தேவலாம்மா. என் பேர்ல பாங்க் அக்கவுண்ட் இருக்குது. தம்பி ஃபீஸ் நான்தான் கட்டுறேன். எங்கப்பா இப்ப என்கிட்ட குரலை உயர்த்துறதில்ல" என்றாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. விடியலில் அந்த பஸ்ஸில் ஏறுகிற பெண்களின் சிரிப்பை நான் தினமும் கேட்கிறேன். அந்த பஸ் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நுண்ணிய பொருளைச் செய்கிற இடத்தில் ஒழுங்கு வேண்டும் என்பதும் தெரியும். கட்டுப்பாடே கூடாது என்பது என் கட்சி இல்லை. கட்டுப்படுத்துகிறவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பெருநகரிலிருந்து பஸ் ஏறினால் உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டியவை. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுப்பது, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். புதிய நாடாளுமன்றத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைப் பெருமையாகக் குறிப்பிட்டார். சரியாக ஒரு வருடம் கழித்து இதே மாவட்டத்துப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

குடவோலை என்றதும் தேர்தலைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது வேறு ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. கட்டுப்பாட்டு விதிகள் அடுக்கடுக்காக அங்கே இருக்கின்றன. அத்தனையும் அதிகாரத்தில் உட்காரப் போகிறவர்மேல் போட்டவை.

அந்தக் கல்லை நான் கும்பிடவும் இல்லை. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ள, 35க்கு மேல் 70க்குள் வயதான ஆண்களுக்கான விதி. அந்த ஏரியில் மண் சுமந்தவர்கள் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. பெண் பெயர் எதிலும் இல்லை. கணக்குக் கேட்கிற உரிமையை அவர்கள் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்டார்கள். நமக்கு வேண்டியது அந்தச் சபை இல்லை, அந்த விதி. கணக்குக் காட்டாதவன் மறுபடி பதவிக்கு வரக்கூடாது என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம். யாரிடம் காட்ட வேண்டும் என்பதை நாம் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

அப்படி மாற்றி எழுதிய ஒரு உதாரணமும் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளரே அந்த வழக்கில் கைதானார். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்கள் தலைமையிலான சங்கம், அதை ஒரு தனிப்பட்ட குற்றமாக மூடிவிடச் சம்மதிக்கவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. ஆலைக்குள் தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பார்கள். பாலியல் தொல்லையும் சாதி இழிவும் நடந்தால் புகாரை எடுத்துச் செல்வார்கள். ஆலை சரிசெய்யாவிட்டால் வாங்கும் நிறுவனம் வணிக ரீதியில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அதாவது மேற்பார்வையாளரை மேற்பார்வை பார்க்க, தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அதிகாரம். சைமன்ஸ் எழுதிய நான்காவது நெம்புகோலை யாரும் இந்தப் பெண்களுக்கு இறக்கித் தரவில்லை. ஒரு சாவுக்குப் பிறகு போராடி எடுத்துக்கொண்டார்கள்.

சங்கம் இல்லாமல் இது நடந்திருக்காது. அதனால்தான் சங்கம் என்ற சொல்லுக்கு நிர்வாகங்கள் இவ்வளவு பயப்படுகின்றன. பெரும்பாலும் ஆண்கள் வேலை செய்யும் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையிலேயே, சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. விடுதியில் பூட்டப்பட்ட பெண்களுக்கு எத்தனை நாள் ஆகும்?

சட்டம் ஏற்கெனவே பல இடங்களில் நம் பக்கம்தான் இருக்கிறது. 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளி ஆலையில் இருக்கும் எந்த நேரத்திலும் சென்றுவரும்படி கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. எந்த நேரத்திலும் என்றால் ரிலீவர் வரும் நேரத்தில் என்று பொருள் இல்லை. கடைகளில் நிற்கும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவையெல்லாம் நம்மைக் கட்டுப்படுத்த வந்தவை அல்ல, நிர்வாகத்தைக் கட்டுப்படுத்த வந்தவை. அதனால்தான் எந்தச் சுவரிலும் இவற்றை எழுதி வைப்பதில்லை.

இதைப் படிக்கிற மாணவிகளுக்குச் சொல்கிறேன். நாளை நீங்கள் லைனில் நிற்கலாம், லைன் லீடராக ஆகலாம், காப்பாளராகவோ மனிதவள அதிகாரியாகவோ கையில் நோட்டோடு நிற்கலாம். எங்கே நின்றாலும் கேளுங்கள். இந்த நேரத்தை எழுதுகிறீர்களே, இதை யார் படிக்கிறார்கள்? கழிப்பறைக்குப் போன நிமிடம் பதிவாகிறதே, கழிப்பறையில் தண்ணீர் வராத நாட்கள் எந்த நோட்டில் பதிவாகின்றன? புகார்க் குழுவில் இருக்கிற பெண்ணின் பெயர் என்ன? என் தோழியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களே, எந்த ஆஸ்பத்திரி? தனியாகக் கேட்டால் திமிர் என்பார்கள். இருபது பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

என் மாணவி அன்று கிளம்பும்போது, "இங்க யாரையும் கேக்க வேண்டாம்டி, எழுந்து போ" என்றேன்.

"தெரியுதும்மா. வாய் தானா கேட்டுடுது" என்றாள்.

நான் வீட்டுக்குப் போன் செய்த அந்தப் பெண்ணை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். வந்தவாசிப் பக்கம் கட்டிக்கொடுத்ததாகச் சொன்னார்கள். அவளிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. கணக்குக் காட்ட வேண்டியவள் நான்தான் என்பது மட்டும் தெரியும்.